ஒரு டெசிபெல் என்ன விலை?

"சவுண்டு கொஞ்சம் வறட்சியா இருக்கு, ட்யூப் ஆம்ப் வாங்கலாமா?" ஹெட்போன் வச்சிருக்கிற நண்பர்கள் ஒரு கட்டத்துல கேட்டுடறாங்க. வேணாம்னு சொன்னா மூஞ்சி தொங்கிப்போகுது. நானும் மூஞ்சியைத் தொங்கப்போட்டவன்தான், அதனால இந்தப் பதிவு.

என்னுடையது சென்ஹைசர் எச்டி 650. 2003-ல வந்த மாடல், 300 ஓம். அதுக்கு ஒரு மாச சம்பளத்தைக் கொட்டி ட்யூப் ஆம்ப் வாங்கினேன் (தங்கமணிகிட்ட சொன்ன விலை வேற). ராஜாவோட 'ஹௌ டு நேம் இட்' போட்டேன். பாஸ் சும்மா கொழுகொழுன்னு... அடடா!

பிறகுதான் கணக்கு போட்டுப் பார்க்கத் தோணிச்சு. 300 ஓம்ங்கிறது பேருக்குத்தான். 80-100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500-ஐ ஒட்டி ஏறிடும். என் ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓம். வோல்டேஜை ரெண்டும் பங்கு போட்டுக்கும்போது, 300 ஓம் இருக்கிற இடத்துல ஹெட்போனுக்கு முக்கால் பங்கு. 500 இருக்கிற பாஸ்ல ஆறுல அஞ்சு பங்கு. வித்தியாசம் கிட்டத்தட்ட 1 டெசிபெல். ட்யூப் தன் பங்குக்குச் சேர்க்கிற டிஸ்டார்ஷனும் கொஞ்சம் உண்டு, இல்லைங்கல. ஆனா என் கொழுகொழுவுல பெரும்பகுதி இந்த 1 டெசிபெல்தான். இதே ஆம்ப்ல பிளேனர் ஹெட்போனைச் செருகினா இதுவும் கிடையாது. அதோட இம்பீடன்ஸ் ஏறி இறங்காது, வால்யூம் மட்டும் குறையும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்க, பழைய சாலிட் ஸ்டேட் ஆம்ப்பை எடுத்தேன். ஈக்வலைசர் ஏபிஓ (இலவசம்தாங்க!) போட்டு 90 ஹெர்ட்ஸ்ல 1 டெசிபெல் ஏத்தினேன். மல்டிமீட்டர் வச்சு ரெண்டு ஆம்ப்புக்கும் சத்தத்தைச் சமமாக்கினேன். கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் காதுக்கு நல்லதா படும், அதனால இந்த வேலையை விட்டுடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டேன், தங்கமணி மாத்தி மாத்திச் செருகினாங்க. பத்து தடவையில நாலுதான் சரி.

"என்னங்க, காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சாவது வந்திருக்குமே?"

அதனால முதல்ல ஹெட்போனுக்குச் செலவு பண்ணுங்க. பிடிக்காத இடத்தை ஈக்வலைசர்ல திருத்துங்க. வால்யூம் பத்தலைன்னா மட்டும் ஆம்ப். 650-க்கு 1 வோல்ட் குடுத்தாலே 103 டெசிபெல் வரும், காது கிழிய அது போதும். ட்யூப் பக்தர்கள் பின்னூட்டத்துல வந்து திட்டலாம், ஆனா சத்தத்தைச் சமமாக்கிட்டு வாங்க :-)

ஆம்ப்பை வித்துட்டியான்னு கேக்காதீங்க. ராத்திரி அந்த ஆரஞ்சு வெளிச்சம் அழகா இருக்கு. தங்கமணி அதை நைட் லாம்ப்புன்னுதான் சொல்றாங்க.