"மிராசுதார்" என்பது பட்டமா?

திருச்சி, லால்குடி, ஸ்ரீரங்கம் பக்கம் கல்யாணப் பத்திரிகைகளைக் கொஞ்சம் பாருங்க. தாத்தா பெயருக்கு முன்னால் "மிராசுதார்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஏதோ ராஜா கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி!

தோழர்களே, அது பட்டமே இல்லை.

'மீராஸ்' என்பது அரபுச் சொல். பொருள்: வாரிசாக வந்த சொத்து. 'தார்' பாரசீக விகுதி. பொருள்: வைத்திருப்பவர். ஜமீன்தார், தாசில்தாரில் வருவதும் இதே 'தார்'தான். ஆக, மிராசுதார் என்றால் "அப்பன் விட்டுப்போனதை வைத்திருப்பவர்". அவ்வளவுதான். வீரன், வள்ளல், படித்தவர் என்று எந்த அர்த்தமும் அதில் கிடையாது.

தமிழில் இதற்குக் 'காணியாட்சி' என்ற சொல் இருந்தது. நவாப் காலத்து வரிக்கணக்கில் 'மிராசு' புழங்கியது. 1801இல் திருச்சி கம்பெனி கைக்குப் போனது. வெள்ளைக்காரனும் அந்தச் சொல்லை விடவில்லை.

சரி, நாற்று நட்டவருக்கு என்ன பெயர்? பண்ணையாள். அதுவும் பரம்பரையாக வந்ததுதான்! ஒருவர் பிள்ளைக்கு நிலம் வாரிசு. இன்னொருவர் பிள்ளைக்குக் கடன் வாரிசு. ஒரே வயலில் ரெண்டு பரம்பரை. ஒன்றைத்தான் பத்திரிகையில் போடுறாங்க.

இந்த வாரிசுக் கணக்கைச் சட்டம்தான் உடைத்தது. 1961இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர். 1970இல் அது 15 ஆனது. கோயிலுக்குள்ளும் மிராசு இருந்ததே! அர்ச்சகர் வேலைக்கு இருந்த பரம்பரை உரிமையை ஒழிக்க 1970இல் கலைஞர் அரசு சட்டம் கொண்டுவந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில், அந்த ஒழிப்பு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகர்களாக நியமன ஆணை வாங்கினார்கள். பிறப்புச் சான்று அல்ல, பயிற்சிச் சான்று!

"எங்க தாத்தா பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தாருங்க" என்று சிலர் கேட்பார்கள். ரொம்ப சந்தோஷம். அதையே போடுங்களேன்! "பள்ளிக்கு நிலம் தந்தவர்" என்று போட்டால் ஊரே கும்பிடும். "மிராசுதார்" என்று போட்டால் அவர் செய்தது எதுவும் தெரியாது. அவருக்குக் கிடைத்தது மட்டும்தான் தெரியும்.

உழுத கை யாருடையது என்று எந்தப் பத்திரிகையும் இதுவரை போட்டதில்லை. உங்க வீட்டுத் தாத்தா, பாட்டி நாற்று நட்டவர்களா? அடுத்த கல்யாணத்தில் தைரியமாகப் போடுங்க: "உழவர்".

பகிருங்கள் தோழர்களே!