சுவரில் தொங்கும் சாசனம்

மன்னனின் முகம் கல்லிலே இருக்கிறது. ஜமீன்தாரின் முகம் எண்ணெய் வண்ணத்திலே இருக்கிறது. மண்ணை வெட்டியவனின் முகம் எங்கே இருக்கிறது?

தேடி அலையாதே, தோழனே! ஆலங்குளத்திலே பீடி சுற்றிக் குடும்பம் காத்த ஒரு தாயின் வீட்டுக்குள் நுழை. நிலைக்கு மேலே அண்ணாந்து பார். சட்டமிட்ட கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம்!

அந்த நாற்காலியை உற்று நோக்கு. பண்ணையார் முற்றத்திலே துண்டை இடுப்பில் கட்டி நின்றவன், ஸ்டுடியோவிலே அதில் அமர்ந்தான். துண்டு தோளுக்கு ஏறிற்று! இரவல் கோட்டு, திரையில் தீட்டிய மாளிகை, காகிதப் பூச்சாடி. எல்லாம் போலி என்று நகைக்கிறார்கள் பட்டணத்து மேதைகள். அரண்மனைத் திரைக்கு முன்னே ஆயிரம் முறை வசனம் பேசியவன் நான். திரை போலி என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம். நிமிர்ந்த அந்த முதுகும் போலியா?

அவன் அமர்ந்தான்; அவளோ பெரும்பாலும் பக்கத்திலே நின்றாள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. எனினும், அவளுக்காகவும் அந்தப் படம் வழக்காடியது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. 1967-இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சட்டம், முன்னர் நடந்த மணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள்? மனைவியென்று சட்டம் ஒப்பாதவளை, மாலையும் கழுத்துமாய்ச் சுவரில் தொங்கிய படம் ஊரறிய மனைவியென்றது!

அத்தகைய சாசனங்கள் என்னவாயின? படலத்தைச் சுரண்டிவிட்டு வெறுங்கண்ணாடியாய் விற்றார்கள், வெள்ளிக்காகக் கரைத்தார்கள், மிஞ்சியவற்றைக் கரையான் தின்றது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் படியெடுத்தது. பாராட்டுவோம்! ஆனால் நம் பாட்டியின் முகத்துக்காக லண்டன் கவலைப்பட, நாம் அதைப் பரணிலே எறிவதா? ஆவணக் காப்பகத்திலே அரசாணைகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. ஆலங்குளத்துக் குடும்பங்களுக்கு அங்கே ஒரு மூலை கேட்க நமக்கு நாவில்லையா?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றுவாய் அல்லவா? பின்புறத்தைப் பார். பெயரில்லை, ஊரில்லை, ஆண்டில்லை. வீட்டுக் கிழவி திண்ணையிலே இருக்கும்போதே, இவர் யார், அவர் யார் என்று கேட்டு எழுது. பென்சிலால் மெல்ல எழுது, மை ஊறும்.