பழுது இன்ஜினில் இல்லை



"சார், பழைய லயனல் ரயில், மோட்டார் போச்சு, எடைக்குப் போட்டுட்டோம்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். மோட்டாரைச் சோதித்துப் பார்த்தீர்களா?

டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓடுகிற ரயில் எதிர்முனையில் தள்ளாடினால், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. தண்டவாள இணைப்புகளில் துரு. ஒவ்வொரு இணைப்பிலும் வோல்டேஜ் கொஞ்சம் குறைகிறது. துருவைத் தேய்த்து எடுங்கள். எதிர்முனைக்கு இன்னொரு ஜோடி ஒயர் இழுங்கள். நடுத் தண்டவாள ஒயர் நடுவிலேயே சேரட்டும். நம் மணியாச்சி வழியாகப் போகும் 25,000 வோல்ட் ரயில் பாதைக்கே வழிநெடுகத் துணைமின் நிலையம் தேவைப்படுகிறது!

இரண்டு தண்டவாள ரயிலில், பாதையை வளைத்துத் திருப்பி அதே பாதையில் சேர்த்தால் இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். அது ரயிலின் குற்றமா? மூன்று தண்டவாள லயனலில் ஓரம் இரண்டும் ஒரே இணைப்பு என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று. அமெரிக்க டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டில் 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது. ஸ்டெப்-டவுன் இல்லாமல் சொருகிவிட்டு, புகை வந்ததும் "பழைய சாமான்" என்று பழி போடுவது அநியாயம். ஒயரின் ரப்பர் வெடித்திருந்தால் சொருகவே வேண்டாம்.

ஓம் விதியை எழுதி முழு மார்க் வாங்கும் பிள்ளைக்குத் துருப்பிடித்த இணைப்பைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றால், அது என்ன படிப்பு? புது பிளாஸ்டிக் ரயில் வாங்கும் முன், அவன் கையில் ஒரு மல்டிமீட்டரைக் கொடுங்கள்.