ஓர் உரல், இரண்டு உலக்கை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். பையனுக்குக் காட்டாங்கொளத்தூர்ப் பக்கம் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருக்கிறது. தோளில் கனத்த பை. உள்ளே பதினேழு அங்குலத் திரையோடு ஒரு பழைய கேமிங் லேப்டாப். தெரிந்தவர் ஒருவர் விற்கிறாராம், இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அங்கிள், இதுல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்கு. கடையில பார்த்த புதுசுல ஒண்ணுதான். ரெண்டு இருந்தா ரெண்டு மடங்கு வேகம்தானே?"

அம்மா குறுக்கிட்டார். "விலை பாதிதான் ஆகுதுண்ணா. ஆனா எங்களால ஒரு தடவைதான் பணம் போட முடியும். நாலு வருஷம் ஓடணும்."

பதில் சொல்வதற்கு முன் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். இடப்பக்கம் ஒரு கார்டு, வலப்பக்கம் ஒன்று. ஆளுக்கொரு விசிறி, மேலே செம்புக் குழாய்கள். விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் தூசி, பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன், ஒரே துண்டாகக் கையோடு வந்தது. சிப்பின் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட், முந்தாநாள் பூசிய சந்தனம் போலக் காய்ந்து வெடித்திருந்தது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தூசியைத் தெரியும். ஜன்னல் கம்பியில் காலையில் துடைத்தால் மறுநாள் காலையில் மறுபடி இருக்கும்.

இந்த மாதிரிப் பெட்டியோடு நானும் குடித்தனம் நடத்தியவன். 2014-இல் இரண்டு கார்டு லேப்டாப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அப்போது சிட்லபாக்கத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தலைக்கு மேல் மொட்டை மாடி. கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுடும். விளையாட்டைத் தொடங்கினால் முதல் பத்து நிமிடம் அற்புதமாக ஓடும். பிறகு விசிறி இரைய ஆரம்பிக்கும், படம் தடுக்கும், கீபோர்டின் நடுவில் விரல் வைக்க முடியாது. கரண்ட் போனால் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்காது. அடுத்த கோடையில் இரண்டாவது கார்டு மக்கர் செய்யத் தொடங்கியது. ரிச்சி தெருச் சந்து ஒன்றில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "ஒண்ணை ஆஃப் பண்ணிட்டு ஒத்தைக் கார்டுல ஓட்டுங்க சார்" என்றார். அப்படியே செய்தேன். சில விளையாட்டுகள் முன்னைவிடச் சீராக ஓடின! இரண்டு செய்த வேலையை ஒன்று எப்படி இன்னும் நன்றாகச் செய்யும் என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன்.

பையனிடம் கேட்டேன்: "உரல்ல ரெண்டு பேர் நெல் குத்திப் பார்த்திருக்கியா?" அவன் பார்த்ததில்லை. அவன் அம்மா செய்யாற்றுப் பக்கம் பிறந்தவர், பார்த்திருக்கிறார். எதிரெதிரே இரண்டு பெண்கள், ஆளுக்கோர் உலக்கை. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். தாளம் நிற்கும் வரை ஒருத்தி குத்துவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு வேலை நடக்கும். தாளம் பிசகினால் உலக்கையும் உலக்கையும் முட்டும்.

இரட்டைக் கார்டு லேப்டாப் பெரும்பாலும் செய்தது இதுதான். திரையில் ஓடும் காட்சி என்பது வினாடிக்கு அறுபது தனித்தனிப் படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தை ஒரு கார்டு வரையும், அடுத்ததை மற்றது வரையும், மாற்றி மாற்றி. இரண்டு படம் ஒட்டி ஒட்டி வந்து, ஒரு சின்ன இடைவெளி விழுந்து, மறுபடி இரண்டு ஒட்டி வந்தால், மூலையில் ஓடும் எண் 60 என்றுதான் காட்டும். கண்ணுக்கு மட்டும் திக்கித் திக்கித் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்று இதற்குப் பெயர். நான் ஒன்றை அணைத்தவுடன் சீரானது இந்தத் திக்கல்தான்.

நினைவகக் கணக்கும் அப்படியே. ஒவ்வொரு கார்டிலும் 2 ஜி.பி. இருந்தால் மொத்தம் 4 என்று விற்பவர் சொல்வார். இரண்டு கார்டும் வரைவது ஒரே உலகத்தை. அதே மரம், அதே கட்டடம், அதே முகம் இரண்டிலும் தனித்தனியே ஏற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே உங்களுக்குப் பயன்படுவது 2 தான். பையன் கொண்டுவந்த பெட்டியின் ஸ்டிக்கரிலும் இந்தக் கூட்டல் கணக்கு இருந்தது.

இரட்டைக் கார்டு யோசனை பழையது. 1998-இல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வூடூ2 கார்டுகள் இரண்டை இணைத்து ஓட்ட, எஸ்.எல்.ஐ. என்ற பெயரில் வழி செய்தது. அந்த நிறுவனம் நொடித்தபோது அதன் சொத்துகளை என்விடியா வாங்கியது, 2004-இல் அதே சுருக்கப் பெயரில் தன் முறையைக் கொண்டுவந்தது. மறு வருடம் ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற பெயரோடு போட்டிக்கு வந்தது. மேசைக் கணினியில் இதற்கு இடமும் காற்றும் இருந்தன. பிறகு ஆசை லேப்டாப்புக்குள் நுழைந்தது. 2013-இல் வந்த லெனோவோ ஒய்510பி-யில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது கார்டைச் செருகலாம். அந்தச் சாமர்த்தியத்தை இன்றும் நான் மெச்சுகிறேன். 2015-இல் எம்.எஸ்.ஐ. ஜிடி80 டைட்டன். உச்சம் 2017-இல் வந்த ஏசர் பிரிடேட்டர் 21 எக்ஸ்: இரண்டு ஜி.டி.எக்ஸ். 1080, வளைந்த 21 அங்குலத் திரை, 8 கிலோவுக்கு மேல் எடை, இரண்டு சார்ஜர். இந்தியாவில் அதன் விலை 6,99,999 ரூபாய். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்துப் பொத்தேரியில் இறங்கும் பிள்ளை தோளில் சுமக்கும் பொருளல்ல அது.

அதோடு கதை முடிந்தது. ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக்குப் பிறகு லேப்டாப்பில் இரட்டைக் கார்டு வரவில்லை. 2021 ஜனவரி 1 முதல், பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. ஏற்பாடுகளைச் சேர்ப்பதையும் என்விடியா நிறுத்தியது. காரணம் விளையாட்டுகள் மாறியதுதான். இப்போது ஒரு படத்தை வரைய, அதற்கு முந்தைய படத்திலிருந்து நிறைய விவரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். விளிம்புகளை மழமழப்பாக்குவதும், சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தருவதும் இந்த வழியில்தான். முந்தைய படமோ பக்கத்துக் கார்டில் இருக்கிறது! முதல் உலக்கை குத்தியதை எடுத்துப் பார்த்த பிறகே இரண்டாவது இறங்க வேண்டுமென்றால், இரண்டு பேர் நிற்பதில் என்ன லாபம்? 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, இரண்டு கார்டையும் மேய்க்கும் பொறுப்பை விளையாட்டு எழுதுகிறவர்கள் தலையில் வைத்தது. வீட்டில் இரண்டு கார்டு வைத்திருக்கும் சில பேருக்காக அவ்வளவு பாடுபட அவர்களில் பெரும்பாலோர் முன்வரவில்லை. ஜி.டி.ஏ. 5-இல் இரண்டு கார்டும் உழைத்தன; சைபர்பங்க் 2077-இல் அந்த வசதியே கிடையாது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் தாம்பரம் வட்டாரத்துக்கென்று ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது: வெப்பம்.

கார்டு இழுக்கும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். நூறு நூறு வாட் இழுக்கும் இரண்டு கார்டு என்றால், புத்தகக் கனத்துப் பெட்டிக்குள் இரண்டு நூறு வாட் குண்டு பல்பு எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டை வெளியேற்ற விசிறி உள்ளே இழுப்பது அறையின் காற்றைத்தான். மே மாதம் ராஜகீழ்ப்பாக்கத்திலோ முடிச்சூரிலோ ஏ.சி. இல்லாத மாடி அறையில் அந்தக் காற்றே 36, 37 டிகிரியில் இருக்கிறது. சிப் ஏறக்குறைய 85, 90 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பெங்களூரிலோ ஏ.சி. அறையிலோ இரண்டு மணி நேரம் ஓடும் பெட்டி, இங்கே இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கும். லேப்டாப்பில் உண்மையான எல்லை, எத்தனை கார்டு என்பதல்ல. எவ்வளவு சூட்டை அந்தப் பெட்டி வெளியே தள்ளும் என்பது. அந்தக் கொள்ளளவு முழுவதையும் ஒரு நல்ல கார்டுக்குக் கொடுப்பதே மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பையன் விடவில்லை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். கடையில் புது லேப்டாப்பின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எடுத்தது. ஜி.பி.யு. 0, ஜி.பி.யு. 1 என்று இரண்டு வரி. "அப்ப இதுலயும் ரெண்டு இருக்கே அங்கிள்? கடைக்காரரும் டூயல் கிராபிக்ஸ்னுதான் சொன்னாரு."

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஒரே சொல்லால் இரண்டு வேறு சங்கதிகளைச் சொல்கிறோம். பையன் கொண்டுவந்ததில் இருப்பவை ஒரே வேலையைப் பங்கு போடும் இரண்டு பெரிய கார்டுகள். புதியதில் இருப்பது பிராசசருக்குள்ளேயே அமைந்த ஒரு சின்ன கிராபிக்ஸ், அதோடு தனியாக ஒரு பெரிய கார்டு. அவை சேர்ந்து குத்துவதில்லை, முறை மாற்றிக்கொள்கின்றன. வகுப்பில் குறிப்பு எடுக்கும்போது, படம் பார்க்கும்போது சின்னது போதும், பெரியது தூங்கும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளையோ விளையாட்டையோ திறந்தால் பெரியது எழும். 2010 பிப்ரவரியில் ஆப்டிமஸ் என்ற பெயரில் என்விடியா இதைத் தானாக நடக்கும்படி செய்தது. எஸ்.எல்.ஐ. லேப்டாப்புகளில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. மெயில் பார்க்கவும் பெரிய கார்டு எரிந்துகொண்டே இருக்கும். என் பேட்டரி முக்கால் மணியில் படுத்ததற்கு அதுதான் காரணம்.

இந்தப் பக்கத்தில் பேட்டரி சின்ன விஷயமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் வட்டாரத்தில் தண்ணீர் புகுந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அது வேண்டாம், சாதாரண நாளிலேயே காலை வண்டியில் கிளம்பிய பிள்ளைக்கு வகுப்பில் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. இந்தச் சின்ன கிராபிக்ஸ் அன்றாடம் சோறு போடும். விட்டுவிடக்கூடாது.

அதற்கும் ஒரு குறை உண்டு. பெரிய கார்டு வரைந்த படம் சின்னதன் வழியாகத்தான் திரைக்குப் போகும். வாலரண்ட் போல வினாடிக்கு நூற்றுக்கணக்கான படம் ஓடும் விளையாட்டில் அந்தச் சுற்றுவழி கொஞ்சம் வேகத்தைத் தின்னும். மக்ஸ் ஸ்விட்ச் உள்ள மாடலில் பெரிய கார்டை நேராகத் திரையோடு இணைத்துக்கொள்ளலாம். இருந்தால் நல்லது, அதற்காகத் தலையை அடகு வைக்க வேண்டாம்.

தலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டியது வாட். கடையில் யாரும் சொல்லாத எண் இது. ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் வைக்கலாம் என்று என்விடியாவே வரையறுத்திருக்கிறது. பெயர் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று. உள்ளே ஓடுவது வேறு. மெல்லிய பெட்டியில் குறைந்த வாட்டில் அடைபட்ட 4060-ஐ, தடித்த பெட்டியில் முழு வாட்டில் ஓடும் 4050 முந்திவிடுவது உண்டு. அதற்கடுத்த 50 வரிசையிலும் இதே விளையாட்டுத்தான். நடுத்தரக் குடும்பம் ஒரே தடவை போடும் பணத்தில் இந்த எண்ணை மறைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. பெட்டியின் முகப்பிலேயே அச்சிட வேண்டும்.

இரண்டாக வாங்க வேண்டியது ஒன்று உண்டு: ரேம். 16 ஜி.பி. என்றால் ஒரே துண்டாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு. இரண்டு பாதையில் தரவு போய்வரும், சின்ன கிராபிக்ஸுக்கு அது நேரடியாக உதவும். இரட்டை வேகம் என்ற பேச்சு ஓரளவு உண்மையாவது அங்கேதான்.

பழைய பெட்டியைத் துடைத்து, புது பேஸ்ட் தடவி, மூடி மாட்டிக் கொடுத்தேன். விற்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. அதில் இருந்த கார்டுக்குப் புதிய டிரைவர் வருவதும் எப்போதோ நின்றுவிட்டது. நாலு வருடப் படிப்புக்கு அது ஆகாது என்று அந்த அம்மாவிடம் நேராகவே சொன்னேன். பாதி விலை என்பதால் அவர் முகம் கொஞ்சம் வாடியது. அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பையன் கடையிலிருந்து போன் செய்தான். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்பர்மேஷனைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். முதல் மாடலில் 60 வாட்டாம். மெல்லிசாக, அழகாக இருக்கிறதாம். இரண்டாவது தடிமன், அரைக் கிலோ கூட, விலை இரண்டாயிரம் குறைவு. அதில் 115 என்று காட்டுகிறதாம்.

"தடிமனா இருக்கிறதை எடுத்துக்கோப்பா" என்றேன். "பின்பக்கம் ரெண்டு மரக்கட்டை வச்சுத் தூக்கி வை. மெத்தை மேல வைக்காதே."