லடாக்... வழி ஆலங்காயம்!

ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால், டம்ளர் பாதி காலியாவதற்குள் லடாக் பேச்சு வந்துவிடும். ''வண்டியிலேயே படுக்கை, வண்டியிலேயே சமையல், சுத்திலும் பாலைவனம்... பத்து நாள்! ஒரு மனுஷன் கண்ணுல படக் கூடாது!'' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் பிறக்கும். அதற்குப் பெயர் வைக்கவே நாலு நாள் ஆகும். அப்புறம் குழந்தைக்குப் பரீட்சை, மச்சினிக்குக் கல்யாணம், மேனேஜருக்கு மூட் அவுட் என்று ஒவ்வொரு விக்கெட்டாக விழும். பத்து நாள் ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, லடாக் மெதுவாகத் தெற்கே நகர்ந்து நகர்ந்து... எங்கள் கேஸில் ஜவ்வாது மலைக்கு வந்து நின்றது.

'கேரவன்' ஆசையை மட்டும் விடவில்லை. வாடகை வேன் ஒன்றில் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டோம். தலையை உள்ளே வைத்தால் கால் வெளியே, காலை உள்ளே இழுத்தால் தலை வெளியே. ஏழு பேர். பொருளாளர் பதவி ஆடிட் செக்‌ஷன் நண்பருக்கு. ரோட்டோர டீக்கும் வவுச்சர் கேட்கிற ஜாதி.

ஆம்பூரில் பிரியாணி. (அந்த ஊரைப் பட்டினியாகத் தாண்டினால் பாவம் சேரும்.) வாணியம்பாடியில் பிரிந்து ஆலங்காயம். அங்கிருந்து மலை ஏற்றம். மார்ச் மாத வெயிலில் மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சி குச்சியாக நின்றது.

''பாலைவனம்னு சொன்னீங்களே, மணல் எங்கே?'' என்றார் ஆடிட்.

''மணலெல்லாம் லாரியில போயாச்சு சார்'' என்றார் டிரைவர் அண்ணன்.

ஆடிட் வருத்தப்படத் தேவையே இல்லை. நம்ம ஊர்க் கணக்கில் பாலைக்கு மணல் அவசியமில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் வறண்டு போனால் அதுதான் பாலை.

ஜமுனாமரத்தூரில் மதியச் சாப்பாடு. இந்த மலையில் மலையாளி என்கிற பழங்குடி மக்கள் நிறையப் பேர். (கேரளா இல்லை சார், மலையை ஆளுகிறவர்கள்!) சாமை இவர்கள் விளைவிப்பது. சாமைச் சோறு, கூட ஒரு காரக் குழம்பு. டயட் என்று வாரம் ஒருமுறை சாலட் வாங்கும் நண்பர் மூன்று தடவை சோறு வாங்கினார்.

அருவிக்கு என்று கிளம்பியபோது செல்போனில் டவர் போயே போச்சு. மேப்பில் நீலப் புள்ளி நட்ட நடுக் காட்டில் தியானத்தில் உட்கார்ந்துவிட்டது. எதிரே ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஏழு பேருக்கு எட்டு அபிப்பிராயம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி சிரித்துக்கொண்டே, ''அந்தப் பக்கம் போனா ஆந்தை மட்டும்தான் இருக்கும் சாமி'' என்று கைகாட்டினாள்.

இதே சிக்கலை யோசித்துவிட்டு ஒரு பழைய ஆள் கைடே எழுதியிருக்கிறார். மலைபடுகடாம். 583 அடி. இந்த மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர் கோஷ்டிக்கு வழி சொல்கிறது. அதுவும் மேளதாளம், சாமான் செட்டோடு போன கேரவன்தான். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்து நட. ராத்திரி ஆனால் குகையில் தங்கு. ரோடு பிரிகிற இடத்தில் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போ, பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியும்! பேட்டரி, ரீசார்ஜ் எதுவும் வேண்டாம்.

நாங்கள் போனது சனிக்கிழமை. சாயங்காலம் வேனைத் திருப்பிக்கொண்டு காவலூருக்கு வந்தோம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடும் வழக்கம் உண்டு. (கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.) கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். பட்டணத்து வெளிச்சம் எட்டாத இடமாகத் தேடி 1960-களில் வைணு பாப்பு என்கிற விஞ்ஞானி பிடித்த ஊர் இது. பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருப்பதால் தெற்கு வானமும் நிறையத் தெரியும். இங்கே இருக்கிற 2.34 மீட்டர் டெலஸ்கோப் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. பாப்பு 1982-ல் காலமானார். 1986-ல் ராஜீவ் காந்தி வந்து அவர் பெயரையே வைத்தார். 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர். நம்ம கும்பகோணத்துக் கணக்கு மேதை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி, ஒரு பெரியவரின் கொல்லையில் அனுமதி வாங்கி வேனை நிறுத்தினோம். நண்பர் ஒருத்தர் ஆசையாகக் கொண்டுவந்த கலர் சீரியல் பல்பை வேனைச் சுற்றிக் கட்டினார். ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. ஏழு செல்போனிலும் டார்ச். மொத்தத்தில் மலைமேல் ஒரு மினி பாண்டி பஜார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

''தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்களேன். ஒண்ணும் தெரியல.''

லைட் போட்டதால் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அணைத்தோம். முதல் ஐந்து நிமிஷம் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நின்றோம். கண் இருட்டுக்குச் சரியாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் எவனாவது 'குட் நைட்' மெசேஜ் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அரை மணி கழித்து நிமிர்ந்தால்... ஆகாசம் முழுக்க உப்பைக் கொட்டி வைத்த மாதிரி நட்சத்திரம்! ஆடிட் நண்பர் எண்ண ஆரம்பித்தார். முந்நூறைத் தாண்டியதும், வாழ்க்கையில் முதல் தடவையாக, கணக்கைப் பாதியில் விட்டார். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், லடாக்குக்குக் கிளம்பிய நாங்கள் ஜவ்வாது மலையில் இறங்கிவிட்டோம். டெலஸ்கோப் சமாசாரம் ஜவ்வாது மலையிலிருந்து நிஜமாகவே லடாக் போயிற்று. காவலூரை நடத்துகிற அதே பெங்களூரு வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரக் குளிர் பாலைவனத்தில், 2 மீட்டர் டெலஸ்கோப் ஒன்றை வைத்தது. 2000-லிருந்து அது வானம் பார்க்கிறது. காற்று மெல்லிசு, மேகம் குறைச்சல், அசல் இருட்டு. பெங்களூரு பக்கத்து ஹொஸ்கோட்டையில் உட்கார்ந்தபடி அதை இயக்குகிறார்கள்.

2022-ல் ஹன்லே சுற்றுவட்டாரத்தை இருட்டு வானக் காப்பகமாகவே அறிவித்துவிட்டார்கள். புலியைக் காப்பாற்றுகிற மாதிரி இருட்டைக் காப்பாற்றுகிறார்கள்! ஊர்க்காரர்களுக்குப் பயிற்சியும் டெலஸ்கோப்பும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு அவர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள், வீட்டிலேயே தங்க இடம் தருகிறார்கள், வருமானம் பார்க்கிறார்கள்.

ஜவ்வாது மலையிலும் அந்தச் சரக்கு இருக்கிறது. ஆனால் வேனுக்கு ஒரு சீரியல் பல்பு, ரிசார்ட்டுக்கு நாலு ஃபோகஸ் லைட் என்று நாம் ஏற்றிக்கொண்டே போனால், பெரியவர் வீட்டுப் பேரன் காட்டுவதற்கு வானத்தில் நிலா மட்டும்தான் மிஞ்சும். சாமை இந்த வருஷம் பொய்த்தால் அடுத்த வருஷம் விதைக்கலாம். இருட்டுக்கு விதை கிடையாது.

அதனால், லடாக் குரூப் வைத்திருக்கும் அன்பர்களே... லீவு கிடைக்காவிட்டால் ஆலங்காயம் வழியாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஹெட்லைட்டை 'டிம்'மில் வையுங்கள். டார்ச் வேண்டுமென்றால் அதன் வாயில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. ஸ்பீக்கருக்கும் ஒரு நாள் லீவு கொடுங்கள். அரை மணி நேரம் சும்மா இருட்டில் நில்லுங்கள்.

செலவு பைசா கிடையாது. வவுச்சரும் வேண்டாம்.