ஆயிரத்தை எட்டாத பாடல்கள்

இவ்வாரம் கேட்கத்தக்க புதிய பாடல்கள் யாவை என்று வினவும் இரசிகர் இன்று உலகெங்கும் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருக்கின்றனர். முன்னர் இங்கிலாந்திலே திங்கட்கிழமையும் அமெரிக்காவிலே செவ்வாய்க்கிழமையும் புதிய இசைத்தட்டுக்கள் வெளிவந்தன. 2015ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதி முதல் வெள்ளிக்கிழமையே பொது வெளியீட்டு நாளாயிற்று. பெருங் கம்பனிகளின் பாடல்களும், அவற்றைச் சாராத சுயாதீனக் கலைஞரின் பாடல்களும் ஒரே நாளிற் சந்தைக்கு வருகின்றன. ஆனால் இருசாராரும் அங்கே சமமாக நடத்தப்படுகின்றனரா?

ஸ்பொட்டிபை நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்து, 2024இல் நடைமுறைப்படுத்திய விதியொன்றைப் பாருங்கள். முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையேனுங் கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு உரிமைப்பணம் இல்லை என்பதே அவ்விதி. அத்தகைய பாடலொன்று மாதம் சராசரியாக 3 அமெரிக்கச் சதமே ஈட்டுகின்றது. அதுவும் பெரும்பாலுங் கலைஞர் கையைச் சென்றடைவதில்லை என நிறுவனம் காரணங் காட்டிற்று. இக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. 3 சதத்தால் எவர் வீட்டிலும் அடுப்பு எரியப்போவதில்லை. ஆயினும் அப்பணம் எங்கே போகின்றது? எல்லையைக் கடந்த பாடல்களுக்கே பங்கிடப்படுகின்றது. இல்லாதவனிடம் எடுத்து உள்ளவனுக்கு வழங்கும் இம்முறையை நியாயமென்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. தொகை அற்பமாயினும், கேட்போர் சிலராயிற் கூலி வேண்டியதில்லை என்னுங் கொள்கை அற்பமானதன்று. சிறு மொழியிலே பாடுபவனும், இன்றுதான் பாடத் தொடங்குபவனும் முதலிற் பாதிக்கப்படுவர்.

இதற்கு மாற்று வழி இல்லையா? உண்டு. பாண்ட்காம்ப் தளத்திலே இரசிகர் பாடலை நேரே விலைகொடுத்து வாங்கலாம். தளம் பெறும் பங்கு பொதுவாக 15 சதவீதமே. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச் 20ஆந் திகதி, அப்பங்கையும் அது விட்டுக்கொடுத்தது; பின்னர் குறித்த சில வெள்ளிக்கிழமைகளிலும் அவ்வாறே செய்தது. எனினும் 2022இல் எபிக் கேம்ஸ் அதனை வாங்கிற்று. 2023இல் அது சோங்டிராடர் நிறுவனத்துக்குக் கைமாறியபோது ஊழியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தனர். நிழல்தரும் இம்மரமும் பிறர் காணியிலேயே நிற்கின்றது என்பதை மறத்தலாகாது.

கனடாவைச் சேர்ந்த சிண்டி லீ 2024 மார்ச் 29ஆந் திகதி 'டயமண்ட் ஜூபிலி' என்னுந் தொகுப்பை வெளியிட்டார். பாடல்கள் 32, கேட்க வேண்டிய நேரம் இரண்டு மணி. அவர் அதனை ஸ்பொட்டிபை போன்ற தளங்களிடம் ஒப்படைக்கவில்லை. யூடியூபில் ஒரே தொடராகவும், எளிய இணையப்பக்கமொன்றில் 30 டொலர் நன்கொடை வேண்டியும் வெளியிட்டார். அவ்வாண்டின் பொலாரிஸ் இசைப்பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் அஃது இடம்பெற்றது. நள்ளிரவில் எங்கோ தொலைவிலுள்ள வானொலி நிலையத்திலிருந்து மிதந்துவரும் பாடல்களைக் கேட்பது போன்ற உணர்வை அது எனக்குத் தந்தது. எல்லாக் கலைஞருக்கும் இப்பேறு வாய்க்காது. ஆனால் கம்பனிகளின் தயவின்றியும் நல்லிசை செவிகளைச் சென்றடையும் என்பதற்கு இதுவே சான்று.

ஆதலால் அன்பர்களே, வாரந்தோறும் நூறு பாடல்களை அரைகுறையாகக் கேட்டுத் தள்ளுவதிலும், ஒன்றை விலைகொடுத்து வாங்கி முழுதுங் கேட்பது மேல். அந்த ஒன்று ஆயிரத்தை எட்டாத பாடலாயின் இன்னும் நன்று.