மழைக்குப் பஞ்சமில்லை, பைப்பில் தண்ணீர் இல்லை!

தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் கிராணிமார் எல்லோரும் அறிந்த புத்தகம் ஒன்று உண்டு. அதுதான் மழைக் கணக்குப் புத்தகம். மழைமானியில் நின்ற நீரை அன்றாடம் அளந்து அதில் எழுதுகிறோம். மரம் நனைந்தால் பால்வெட்டு நின்றுவிடும். உரம் கரைந்து ஓடிவிடும். ஆகவே நிர்வாகத்துக்கு அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. ஆனால் லயத்து வீடுகளில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று எழுதும் புத்தகம் நான் அறிந்த எந்தத் தோட்டத்திலும் இல்லை!

தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 80 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியிருந்தும் 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் தண்ணீரைப் பங்கீடு செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியது. 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஜொகூர் ஆற்றை நம்பியிருக்கும் ஜொகூர் மக்களும் சிங்கப்பூர் மக்களும் கவலை கொண்டார்கள்.

இதற்குக் காரணம் என்ன? பூமியின் சூடு ஏறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால், ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்தால் கொட்டுகிறது. காய்ந்தால் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. கொட்டும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக ஆற்றுக்கு விடுவது மலைக்காடும் ஆற்றங்கரை மரங்களுமே. அவற்றை அழித்துத் தண்ணீர் ஓரம்வரை செம்பனை நட்டால், மண்ணும் மருந்தும் ஓடையில் கலக்கின்றன. 5 மீட்டருக்குக் குறுகிய ஓடைக்குக்கூட இரு கரையிலும் 5 மீட்டர் விடவேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. மறுநடவு செய்யும்போது எத்தனை நிர்வாகங்கள் அதை நினைக்கின்றன?

"தண்ணீரைச் சிக்கனப்படுத்துங்கள்" என்று நமக்குப் போதிக்கிறார்கள். நல்ல போதனைதான். ஆனால் இந்நாட்டில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்கில் ஏறாமலே போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி கசிகின்ற பழைய குழாய்களால் போவது. ஒரு வாளியில் குளிக்கும் தொழிலாளியிடமா முதலில் சிக்கனம் கேட்பது?

"சங்கத்துக்குச் சம்பளம்தானே முக்கியம், தண்ணீர் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. பைப்பு வறண்டால் விடியுமுன் குடத்தோடு அலைபவர் யார்? பால்வெட்டுக்குப் போகவேண்டிய நம் பெண்களே. குடிக்கிற தண்ணீரைக் கடையில் காசு கொடுத்து வாங்கினால், அதுவும் சம்பள வெட்டுதான். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூறுகிறது. இது பிச்சையல்ல, உரிமை!

ஆகவே தோழர்களே, கூட்டு ஒப்பந்தம் பேசும்போது தண்ணீரும் மேசைக்கு வரவேண்டும். வறட்சியைத் தாங்கும் தொட்டி ஒவ்வொரு லயத்துக்கும் வேண்டும். கூரை மழைநீரைப் பிடித்துக் கழுவுவதற்குப் பயன்படுத்த ஏற்பாடு வேண்டும். மறுநடவில் ஓடைக்கரையை விட்டுவைக்க வேண்டும். நமக்கும் கடமையுண்டு: மருந்து பம்புகளை ஓடையில் கழுவக்கூடாது. கீழ்க்கரையில் அதே நீரைக் குடிப்பவனும் நம்மைப்போன்ற தொழிலாளியே.

ஒவ்வொரு கிளையும் இன்றே ஒரு தண்ணீர்ப் புத்தகம் தொடங்கட்டும். எந்தத் தேதியில் தண்ணீர் நின்றது, எத்தனை வீடுகள் தவித்தன, எப்போது திரும்பியது என்று கிளைச் செயலாளர் எழுதிவரட்டும். வாய்ப்பேச்சை நிர்வாகம் மறுக்கலாம். தேதி போட்ட கணக்கை மறுப்பது கடினம். மழையை அளக்கத் தெரிந்த நமக்கு, நம் தாகத்தை அளக்கவா தெரியாது?